சமையலறைக் கொதிகலனும் சட்டமும்

நீராவி எஞ்சினின் கொதிகலனில், நெருப்புப் பெட்டியின் கூரையில், ஈயம் நிரப்பிய ஒரு பிளக் இருக்கும். தண்ணீர் குறைந்து சூடு எல்லை மீறினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாயும். நான் ரயில்வேயில் சேர்ந்த காலத்தில் அத்தகைய எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூடியில் உள்ள சேஃப்டி வால்வு அந்தப் பிளக்கின் தம்பிதான்.

குக்கருக்குள் உண்டாகும் அழுத்தம், வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அதிகம். அதனால்தான் தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறி, பருப்பு விரைவில் வேகிறது. மூடியின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்றால், அதை உள்ளிருந்து தள்ளும் விசை 300 கிலோவுக்கு மேல்! விசில் குழாயைப் பருப்புத் தோல் அடைத்துக்கொண்டால், அந்தச் சிறு பிளக்தான் நமக்குக் காவல்.

அது போலியாக இருந்தால்? டி.டி.கே. பிரெஸ்டீஜ் நிறுவனத்தை நடத்திய டி.டி.ஜெகந்நாதன் இதைத் தம் அனுபவமாகவே சொல்லியிருக்கிறார். குக்கர்கள் ஏன் வெடிக்கின்றன என்று தேடிப் போனபோது அகப்பட்டவை, வாங்கியவர்கள் பின்னால் மாற்றிப் போட்ட போலி உதிரி பாகங்கள். அவர் ஊர் ஊராகப் போலிகளைத் துரத்திக்கொண்டிருக்கவில்லை. மூடியின் விளிம்பில் ஒரு துவாரம் வைத்தார். அழுத்தம் மீறினால் ரப்பர் கேஸ்கெட் அதன் வழியே பிதுங்கி நீராவியை வெளியேற்றிவிடும். நான் மெச்சும் பொறியியல் இதுதான்.

ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் தாமாக இப்படிச் செய்வார்கள் என்று இருந்துவிட முடியுமா? 2021 பிப்ரவரி 1 முதல் அமலான மத்திய அரசின் ஆணைப்படி, வீட்டுக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2022 ஆகஸ்டில், இந்த ஆணைக்கு மாறான குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. அவ்வளவு பெரிய வியாபாரிக்கு ஒரு லட்சம் ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

நம்மைப் போல் வெளியூரில் குடியேறியவர்களுக்கு முக்கியமானது, 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பழைய 1986 சட்டத்தில், பெரும்பாலும் எதிர்த்தரப்பார் இருக்கும் ஊருக்கோ சம்பவம் நடந்த ஊருக்கோதான் போக வேண்டும். இப்போது நாம் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். சேலத்தில் சீராக வாங்கி வந்த குக்கருக்குப் பெங்களூரிலேயே நியாயம் கேட்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். குறையுள்ள பொருளால் உண்டான காயத்துக்கும் மற்றச் சேதத்துக்கும் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கோர இந்தச் சட்டத்தில் தனி அத்தியாயமே உண்டு.

ஒரு கண்ணி மட்டும் கவனிக்கவேண்டியது. விபத்து நேரத்தில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால், விற்றவர் மீது அந்த அத்தியாயத்தின்படி வழக்குப் போட முடியாது. நடைபாதையில் வாங்கிய மலிவு வால்வு, உயிருக்கு ஆபத்தாவதோடு, 'இவர்கள்தான் எதையோ மாற்றினார்கள்' என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடவும் இடம் கொடுக்கும். ஆகவே உதிரி பாகங்களையும் குக்கரைப் போலவே அரசு கண்காணிக்க வேண்டும் என்பேன். திரும்பப் பெறும் அறிவிப்புகளும் சிக்பேட்டை பாத்திரக் கடை வாசலில், கன்னடத்திலும் தமிழிலும் தொங்க வேண்டும்.

குக்கர் வாங்கும்போது முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 2347 என்றும், கீழே சி.எம்/எல் என்ற எழுத்துகளோடு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டால், உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ரசீது கேட்டால் சில கடைக்காரர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும். புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.