ஆலை நிலமும் சமூகப் பயனும்

பழைய நகர்ப்பகுதியொன்றில் வர்த்தக முதலீட்டால் புதுக் கட்டடங்கள் எழும்போது நிலத்தின் விலையும் வரி வருவாயும் உயர்கின்றன. இவ்வுயர்வையே சமூகப் பயன் எனக் கொள்வது எளிது. ஆயினும் அது சரியன்று.

மும்பையில் 'கிரண்காவ்', அதாவது ஆலையூர், என வழங்கும் பகுதியை நோக்குக. 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2½ லட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். அதன்பின் ஆலைகள் பல மூடப்பட்டன. சுமார் 600 ஏக்கர் ஆலை நிலம் குறித்து 1991இல் வகுக்கப்பட்ட விதி, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் திறந்தவெளிக்கும், மற்றொரு பங்கைப் பொது வீட்டு வசதிக்கும், எஞ்சியதை உரிமையாளருக்கும் ஒதுக்கிற்று. 2001இல் வந்த திருத்தம், கட்டடமில்லா வெற்று நிலத்தை மட்டுமே பங்கீட்டுக்கு உட்படுத்தியது. ஆலை வளாகங்களில் பெரும்பகுதி கட்டடமாதலின் பொதுப் பங்கு வெகுவாகச் சுருங்கிற்று. 2006இல் உச்ச நீதிமன்றம் இத்திருத்தத்தை ஏற்றது. அங்காடிகளின் வாடகை வருவாயை மட்டும் நோக்குவோர்க்கு இவ்விரு விதிகளின் வேறுபாடு புலப்படாது.

ஆகவே, புதிய வேலைகளை எண்ணுங்கால், வேறிடத்திலிருந்து பெயர்ந்து வந்தவற்றையும், இம்முதலீடு இன்றியே தோன்றியிருக்கக் கூடியவற்றையும் கழித்தல் வேண்டும். எஞ்சியவை யாரை அடைந்தன? நெசவில் தேர்ந்தவருக்குக் காவற்பணி கிடைப்பின், அதனை இழந்த வேலைக்கு ஈடாகப் பதிதல் நேர்மையாகாது. வாடகை உயர்வோ ஒருவருக்கு வரவு, மற்றவருக்குச் செலவு.

இக்கணக்கெடுப்பைக் களப்பணியாளர் இடிப்பு வேலைக்கு முன்னரே வீடுவீடாகத் தொடங்குதல் நலம். வெளியேறிய குடும்பங்களைப் பின்னர்த் தேடிக் கண்டறிதல் அரிது.