பயிற்சித் திடலுக்கு ஏற்ற தளம் எது?

உடலை உரப்படுத்திக்கொள்ள வேண்டுமென்னும் ஆர்வம் நம் சிற்றூர் இளைஞரிடையே பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. 2016-ஆம் ஆண்டில் தமிழக அரசு 500 ஊர்களில் உடற்பயிற்சிக் கூடங்கள் அமைக்கும் திட்டத்தை அறிவித்த பிறகு, பல ஊர்களிலும் திறந்தவெளியில் கம்பிகளும் ஏணிகளும் நாட்டப்படுவதைக் காண்கிறோம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு முயலும் இளைஞன் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும். 5 மீட்டர் உயரம் கயிறு ஏற வேண்டும். நீளமோ உயரமோ தாண்ட வேண்டும். நாள் முழுதும் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் நெசவாளிக்கும், நாற்பது வயதிலேயே முழங்கால் வலி காணும் உழவனுக்கும் இத்தகைய திடல் பயன்படுவதே.

ஆனால் திடல் அமைப்போர் பெரும்பாலும் கருவிகளுக்கே கைப்பணத்தையெல்லாம் செலவிடுகின்றனர். கால் ஊன்றும் தரையைப் பற்றிய நினைவு கடைசியில்தான் வருகிறது. அப்போது, "சிமெண்ட் போட்டுவிடலாம்" என்று ஒருவர் கூற, மற்றவர் தலையசைக்கக் காரியம் முடிந்துவிடுகிறது. அரியலூரை அடுத்த ரெட்டிபாளையம் வட்டாரத்தில் இப்படித் தோன்றுவது இயல்பு. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்த இந்நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல் படிந்து கிடக்கிறது. ரெட்டிபாளையத்திலேயே சிமெண்ட் ஆலை இயங்குகிறது. எளிதில் கிடைக்கும் பொருள் எல்லா வேலைக்கும் ஏற்ற பொருளாகிவிடுமா என்பதை எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

தளத்தின் இரு கடமைகள்

பயிற்சித் தளத்திற்குக் கடமைகள் இரண்டு. ஒன்று, நிற்பவனைத் தாங்குதல்; மற்றொன்று, விழுபவனை ஏற்றுக்கொள்ளுதல். முன்னதற்கு உறுதி வேண்டும். பின்னதற்கு நெகிழ்ச்சி வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஆகவே ஒரே தளத்தைத் திடல் முழுவதற்கும் இடுவது எவ்வகையிலும் பொருந்தாது.

2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வேகம் பெற்றிருக்கும். அவ்வேகம் எவ்வளவு தூரத்திற்குள் அடங்குகிறது என்பதைப் பொறுத்தே அடியின் கடுமை அமையும். விழுந்த உயரத்தை, அமிழ்ந்து நின்ற தூரத்தால் வகுத்தால், உடலின் எடையைப்போல் எத்தனை மடங்கு விசை தாக்கிற்று என்பது தோராயமாகக் கிடைக்கும். தளர்ந்த மணலில் 10 சென்டிமீட்டர் அமிழ்ந்து நின்றால் 20 மடங்கு. கெட்டியான தரையில் 2 சென்டிமீட்டருக்குள் நின்றால் 100 மடங்கு. சிமெண்ட் தளமோ சிறிதும் அமிழ்வதில்லை. அமிழவேண்டியவை நம் எலும்பும் மூட்டுமே. தலை முதலில் படுமானால் விளைவை விவரிக்க வேண்டியதில்லை.

விழும் இடத்திற்கு மணல்

ஆகவே தொங்கு கம்பி, இணைக் கம்பி, ஏணி, தாண்டு களம் ஆகியவற்றின் அடியில் மணலே சிறந்தது. ஐரோப்பிய நாடுகளின் தர விதிகள், 2 மீட்டர் வரை விழும் உயரத்திற்கு 30 சென்டிமீட்டர் ஆழமும், 3 மீட்டர் வரை 40 சென்டிமீட்டர் ஆழமும் மணல் வேண்டுமென வகுத்துள்ளன. இவற்றுள் 10 சென்டிமீட்டர், கால்பட்டு மணல் விலகிப்போவதை ஈடுசெய்ய வைத்தது. மணியின் அளவு 0.2 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும்.

மணிகள் உருண்டையாகவும் களிமண் கலப்பின்றியும் இருப்பது முக்கியம். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் கூரிய முனைகளை உடையது. அதில் தூளும் கலந்திருந்தால் மழையில் நனைந்து காய்ந்தபின் கட்டாந்தரைபோல் இறுகிவிடும். வாங்கும் மணலைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. கண்ணாடிப் போத்தலில் பாதியளவு மணலிட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மணல் அடியில் தங்கும். களியும் தூளும் அதன்மேல் தனிப்படலமாகப் படியும். அப்படலம் தடித்திருந்தால் மணலைக் கழுவாமல் பயன்படுத்தலாகாது. ஆற்று மணலை உரிய அனுமதியுடன் விற்போரிடமே பெறவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அளவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 2 மீட்டர் நீளமுள்ள ஒரு தொங்கு கம்பிக்குப் பக்கங்களில் ஒன்றரை மீட்டரும், ஆடி இறங்கும் திசைகளில் இரண்டு மீட்டரும் விட்டால், குழி 5 மீட்டருக்கு 4 மீட்டர் ஆகிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்திற்கு 6 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 212 கன அடி மணல் வேண்டும். நம் வழக்கில் இரண்டு யூனிட்டுக்குச் சற்றே கூடுதல். மணலுக்கு அடியில் 10 சென்டிமீட்டர் உடைகல் பரப்பி, இடையில் நீர் வடியும் விரிப்பு ஒன்றை இடுதல் நலம். தென்னைநார் விரிப்பும் உதவும். எனினும் அது சில ஆண்டுகளில் மட்கிவிடுமாதலால் மாற்ற வேண்டிவரும். குழியின் விளிம்பில் கூரிய கருங்கல்லோ செங்கல்லோ நிறுத்தாமல், பழைய வண்டிச் சக்கர ரப்பரைப் பாதி புதைத்து வைத்தால் விளிம்பில் விழுபவனுக்கும் காயமில்லை.

கயிறு ஏறும் இடத்தைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். 5 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்பவனை 40 சென்டிமீட்டர் மணல் காப்பாற்றிவிடும் என நம்பியிருத்தல் தவறு. அங்கு மணலின்மேல் தடித்த நுரை மெத்தையும், அருகில் பயிற்சியாளர் ஒருவரும் இன்றி எவரையும் ஏறவிடலாகாது. கயிற்றை வழுக்கிக்கொண்டு வராமல், கைமாற்றிக் கைமாற்றி இறங்கவும் முதலிலேயே பழக்க வேண்டும்.

கரிசல் நிலத்தின் குணம்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துப் பருத்தி உழவர்க்குக் கரிசலின் குணத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழையில் வீங்கும், கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும். பருத்திக்கு வாழ்வளிக்கும் இக்குணமே தளத்திற்குப் பகையாகிறது. கரிசலின்மேல் நேரடியாக இட்ட சிமெண்ட் தளம் இரண்டொரு பருவங்களில் பிளந்து, ஒரு பக்கம் எழும்பி, காலை இடறும் படியாக நின்றுவிடும்.

இதற்கு மாற்று இரண்டு. முதலாவது, குறைந்தது ஒன்றரை முதல் இரண்டடி ஆழம் கரிசலை அகழ்ந்தெடுத்து, வீங்காத கிராவல் மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி நனைத்துத் திமிசு போடுதல். இரண்டாவது, மண்ணின் எடையில் நூற்றுக்கு 3 முதல் 6 பங்கு நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து இறுக்குதல். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் களிமண்ணோடு சேர்ந்து அதன் வீங்கும் தன்மையைக் குறைக்கிறது. சுண்ணாம்பு கலப்போர் கண்ணையும் தோலையும் காத்துக்கொள்ள வேண்டும். கலந்த மண்ணை மேலே வெறுமையாக விடாமல் செம்மண்ணால் மூடிவிட வேண்டும். உயரமான கம்பங்களை நடும்போது பொறியாளரைக் கலந்துகொள்வது அவசியம். கரிசலில் மேலோட்டமாக நட்ட கம்பம் ஆண்டுதோறும் அசையும்.

ஓட்டத்திற்கும் ஆட்டத்திற்கும் மண்

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை கால்மேல் விழுகிறது. 1500 மீட்டருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். நாள்தோறும் தார்ச் சாலையில் ஓடிப் பழகும் இளைஞருக்குக் கணுக்கால் எலும்பு வலி வருவதில் வியப்பில்லை. நம் வட்டாரத்துக்கு உகந்த ஓடுபாதை, சுண்ணாம்புக்கல் தூளை இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, நீர் தெளித்து உருளையால் உருட்டியதே. அது கெட்டிப்படும், ஆயினும் சிமெண்ட்போல் விறைப்பதில்லை. முதியோர் நடைக்கும், சக்கர நாற்காலி செல்லவும் இதுவே ஏற்றது. காற்றில் தூசி எழாதவாறு கோடையில் நீர் தெளிக்க வேண்டும். ஆலைச் சாம்பலும் சிமெண்ட் தூசியும் மலிவாகக் கிடைத்தாலும் மேல்தளத்தில் சேர்க்கலாகாது. இரைக்க இரைக்க ஓடுபவனின் நெஞ்சுக்குள் அவை செல்லும்.

உலகப் பெரும் போட்டிகளும் நெடுங்காலம் மண்ணிலும் சாம்பல் தளத்திலும் நடந்தவையே. 1964-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் ஓட்டங்கள் சாம்பல் பாதையில் நிகழ்ந்தன. 1968-இல் மெக்சிகோவில்தான் செயற்கைப் பாதை முதன்முதலாக வந்தது. நம் சடுகுடு மண்ணில் பிறந்தது. அது 1990-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இடம்பெற்றது. இன்று பெரிய போட்டிகள் விரிப்பின்மேல் நடக்கின்றன. ஆதலால் மேல்நிலைப் போட்டிக்குச் செல்லும் குழுவுக்கு விரிப்பிலும் பழக்கம் வேண்டும். தொடக்கப் பயிற்சிக்கு மண் களமே போதும்.

ஆடவர் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். அதைச் சல்லடையில் சலித்த செம்மண்ணால் நிரப்பி, கல், கண்ணாடித்துண்டு, முள் இல்லாமல் பொறுக்கி, வாரம் ஒருமுறை கொத்திவிட்டு நீர் தெளித்து வைக்க வேண்டும். சிலம்பத்திற்கும் இதுவே ஏற்றது. மற்போர்க் கோதாவிற்கு இன்னும் ஆழமாகக் கொத்திய மண் வேண்டும். மண்ணை மென்மையாக்கத் தொழுவுரம் சேர்க்கும் பழைய வழக்கம் உண்டு. ஆனால் சாணத்தில் வாய்ப்பூட்டு நோயின் வித்துக்கள் இருக்கக்கூடும். சிராய்ப்புக் காயத்தின் வழியே அவை உடலில் புகும். ஆகவே தொழுவுரத்தைத் தவிர்த்து, தென்னைநார்க் கழிவைக் கலப்பது மேல். எந்த மண்ணில் பயின்றாலும் அனைவரும் தடுப்பூசி போட்டிருத்தல் நன்று.

ரப்பரும் சிமெண்டும்

ரப்பர் ஓடுகள் பார்வைக்கு அழகியவை. விழும் அடியையும் தாங்கும். எனினும் அவற்றிற்கு அடியில் சமமான கெட்டித்தளம் வேண்டும். கரிசலில் அத்தளம் பிளந்தால் ஓடுகளும் எழும்பும். வெயிலில் ரப்பரும் செயற்கைப் புல்லும் 60 பாகை சென்டிகிரேடுக்கும் மேல் சூடேறக்கூடும். சித்திரை மாதத்தில் வெறுங்காலோடு நிற்க இயலாது. நிழல் உள்ள சிறிய இடத்திற்கும், மணலை நாள்தோறும் கிளற ஆள் இல்லாத இடத்திற்கும் மட்டும் ரப்பரைத் தேர்ந்தெடுக்கலாம். விற்பவரிடம், எத்தனை மீட்டர் உயர வீழ்ச்சிக்குச் சோதிக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

சிமெண்டிற்கும் திடலில் இடமுண்டு. எடை தூக்குபவன் நெகிழும் தரையில் நின்றால் கால் புரண்டு முதுகு பிடிக்கும். அவனுக்கு, கிராவல் அடித்தளத்தின்மேல் இட்ட சொரசொரப்பான சிமெண்ட் மேடையும், எடை விழும் இரு பக்கங்களில் தடித்த ரப்பர்ப் பாயும் வேண்டும். மேடையை மழைநீர் வடியுமாறு 60-க்கு 1 என்ற அளவிலும், மண் களத்தை 100-க்கு 1 என்ற அளவிலும் சரிவாக அமைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்காது.

இனி, சில நெசவாளர் ஊர்களில் பாவு தோய்வதற்கென்று பொதுவில் விடப்பட்ட பாவடி நிலத்தையே திடலாக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. பாவு விரியும் நீளப் பகுதியைத் தொடாமல், ஓரமாக மணற்குழியை அமைக்க வேண்டும். ஈரப் பாவில் மணலும் தூளும் ஒட்டினால் இழை அறும். பாவு வேலை முடியும் வரை பயிற்சி தொடங்குவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் பூசலுக்கு இடமிராது.

பராமரிப்பே உயிர்

மணற்குழி ஒருமுறை செய்து மறந்துவிடும் பொருளன்று. கம்பிக்கு நேர் கீழேதான் மணல் முதலில் விலகும். விழுபவனும் அங்கேதான் விழுவான். கம்பத்தில் மணல்மட்டம் இருக்கவேண்டிய இடத்தில் வண்ணக்கோடு ஒன்று தீட்டி வைத்தால், குறைவு எவர் கண்ணுக்கும் உடனே புலப்படும். நாள்தோறும் பயிற்சிக்கு முன் மணலை வாரிச் சமன் செய்தல், வாரம் ஒருமுறை ஆழக் கிளறுதல், இரவில் நாயும் பூனையும் அசுத்தம் செய்யாதவாறு மூடிவைத்தல் ஆகிய மூன்றும் தவறலாகாது.

திடல் அமைக்க முன்வரும் சங்கமோ ஊராட்சியோ, முதற் கூட்டத்திலேயே மூன்று செய்திகளைத் தீர்மானித்துக் குறிப்பேட்டில் பதிவு செய்தல் நன்று. எந்தப் பயிற்சிக்கு எந்தத் தளம் என்பது ஒன்று. மொத்தச் செலவில் தரைக்கென ஒதுக்கும் தொகை மற்றொன்று. மணலைக் கிளறும் பொறுப்பு எவருடையது என்பது மூன்றாவது. தொகை போதாதெனில் இரண்டு கம்பிகளைக் குறைத்துக்கொள்ளலாம். அவற்றை அடுத்த ஆண்டு நாட்டிக்கொள்ள முடியும். தரையில் செய்யும் சிக்கனம் நம் பிள்ளைகளின் முதுகெலும்பில் விடியும் என்பதை அங்கத்தினர் அனைவரும் நினைவிற்கொள்வார்களாக.