டான்யூப்னு யாருமே சொல்றதில்லை

தமிழில் நாம் எழுதும் 'டான்யூப்' ஆங்கிலம் வழியா வந்தது. அந்த ஆறு ஓடும் பத்து நாட்டில் ஒண்ணுல கூட, தங்கள் மொழியில் அதை அப்படிக் கூப்பிடுறவங்க இல்லை.

கருங்காட்டில் பிறந்து கருங்கடலில் விழும் வரை சுமார் 2,850 கிலோமீட்டர். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அது டோனாவ். ஸ்லோவாக்கியாவில் டுனாய், ஹங்கேரியில் டுனா. குரோஷியா, செர்பியா, பல்கேரியா மூணுலயும் டுனாவ். ருமேனியாவில் டுனரியா. மால்டோவாவுக்குக் கிடைச்சது அரைக் கிலோமீட்டர் சொச்சம் கரைதான் (பாவம்!), பேசுறது ருமேனிய மொழி, அதனால அங்கயும் டுனரியா. கடைசியா உக்ரைனில் மறுபடி டுனாய்.

இதுல ஒரு கூத்து இருக்கு. ஜெர்மன்காரங்களுக்கு இந்த ஆறு பெண்பால். ஸ்லோவாக்கியாவுக்குள் நுழைஞ்சதும் ஆண்பால். ஹங்கேரிய மொழியில் பால் வேறுபாடே கிடையாது, அதனால அங்க ரெண்டும் இல்லை. செர்பியாவில் திரும்ப ஆண், ருமேனியா போனா திரும்பப் பெண் :-) லத்தீனில் 'டானுபியுஸ்' ஆண்பால்தான். ரோம் நகரத்து நாலு நதி நீரூற்றிலும் ஆம்பளையாத்தான் உக்காந்திருக்கார்.

சரி, பெயருக்கு என்ன அர்த்தம்? பெருசா ஒண்ணுமில்லை. சும்மா 'ஆறு', 'தண்ணி', அவ்வளவுதான். ரிக் வேதத்தில் வரும் 'தானு'வும், காகசஸ் மலைப்பக்கம் ஒசேத்திய மொழியில் தண்ணிக்குச் சொல்லும் 'டான்' என்ற சொல்லும் இதே வேர். ரஷ்யாவின் டான் ஆறும் இந்தக் குடும்பம்தான்.

இவ்வளவு வித்தியாசமா கூப்பிடுற நாடுகளுக்கு நடுவில, எழுத்து பிசகாம ஒரே பெயர் சொல்லும் ரெண்டு கரைக்குத்தான் 1991இல் சண்டை மூண்டது. குரோஷியக் கரையில் இருக்கும் வுகோவார் 87 நாள் முற்றுகைக்குப் பிறகு நவம்பர் 18இல் வீழ்ந்தது. 2013இல் அதே ஊரில் அரசு அலுவலகங்களில் செர்பியரின் சிரிலிக் எழுத்திலும் பலகை வெச்சாங்க. ஆத்திரத்தில் சுத்தியலால் அடிச்சு உடைச்சாங்க. வாயைத் திறந்தா ரெண்டு பேருக்கும் 'டுனாவ்'தான். எழுதினாத்தான் பிரச்சினை.

எல்லைத் தகராறு இன்னமும் தீரலை. 19ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஆறு தடம் மாறிடுச்சு. பழைய நிலப்பதிவுப்படி பிரிக்கணும்கிறது குரோஷியா, இப்போ ஓடுற ஆத்தோட நடுக்கோடுதான் எல்லைங்கிறது செர்பியா. இதுல மேல்கரையில் கோர்ன்யா சீகான்னு ஏழு சதுர கிலோமீட்டர் காட்டை ரெண்டு நாடுமே வேணாம்னுடுச்சு. கேட்டா, தங்கள் வாதமே அடிபட்டுப் போகுமாம். 2015இல் செக் நாட்டுக்காரர் ஒருத்தர் போய் அங்க கொடி நட்டு, தனி நாடுன்னு அறிவிச்சார். குரோஷியப் போலீஸ் உள்ளே விடலை.