தொட்டிக்குள்ளே ஒரு நைட் ஷிஃப்ட்

எங்கள் அறையில் மீன்தொட்டி வைத்த முதல் மாதமே ஒரு விடியற்காலையில் ஆறு மீன்கள் செத்து மிதந்தன. முந்தின நாள்தான், "செடி போட்டா ஆக்ஸிஜன் தானா வரும்டா, ஏர் பம்ப் எதுக்கு?" என்று பம்ப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பெரிய கட்டு ஹைட்ரில்லாவைத் திணித்திருந்தோம். ஹைட்ரில்லா வேறொன்றுமில்லை, நம்மூர் வேலம்பாசிதான்.

தப்பு எங்கே? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவர்களைப் போலத்தான் செடியும். பகலில் கரியமில வாயுவை எடுத்து ஆக்ஸிஜனை விடும். விளக்கை அணைத்தால் ஒளிச்சேர்க்கை நின்றுபோகும். சுவாசம் மட்டும் நிற்காது. ராத்திரி முழுக்க மீனும் செடியும் ஒரே ஆக்ஸிஜனுக்குப் போட்டி. நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் 30 டிகிரிக்கு வந்துவிட்டால், லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரையும். கணக்கு இடிப்பது விடியற்காலையில்தான். ஆகவே செடி நிறைய இருந்தால் ராத்திரி பம்ப் ஓடியே ஆகணும்.

அப்போ செடியே வேண்டாமா? வேணும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு விஷம், செடிக்கோ சாப்பாடு. ஆனால் எந்தச் செடி என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கும். கெமிஸ்ட்ரி லேபில் இ.டி.டி.ஏ. டைட்ரேஷன் செய்தோமே, ஞாபகம் இருக்கா? மார்க்குக்காகச் செய்த அந்தச் சோதனையை உங்கள் போர் தண்ணீருக்கும் ஒருமுறை செய்யுங்கள். கடினத்தன்மை அதிகமென்றால் கபொம்பாவை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். நாடா மாதிரி நீண்ட இலையுள்ள வாலிஸ்நேரியா தாங்கும். மணலிலும் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அந்த மணல் வேண்டாம்.

இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 50 கிலோவுக்கு மேல். ஹாஸ்டல் ஷெல்ஃபில் ஏற்றாதீர்கள்! இரண்டு அங்குல மணலில் வேர் புதையும்படி, தண்டுக்கும் வேருக்கும் நடுப்பகுதி வெளியே தெரிய நடணும். விளக்கு எட்டு மணி நேரம் போதும்; கூடினால் கண்ணாடியெல்லாம் பாசி.

செடி வாங்க அலங்கார மீனுக்குப் பேர்போன கொளத்தூர் இருக்கிறது. திருவள்ளூர்க்காரர்கள் வில்லிவாக்கத்தில் இறங்கலாம். கும்மிடிப்பூண்டிக்காரர்கள் பேசின் பிரிட்ஜில் ரயில் மாறணும்.

வெட்டிய செடியை ஏரியில் மட்டும் கொட்டாதீர்கள். நம்ம ஹைட்ரில்லாதான் 1950-களில் இலங்கையிலிருந்து மீன்தொட்டி வியாபாரத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், துண்டு துண்டாகவே வேர்விட்டு ஏரி, கால்வாய்களை அடைத்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை நம் ஏரிகளில் செய்வதும் அதேதான். பூண்டி, புழல் தண்ணீரைத்தான் சென்னை குடிக்கிறது. வெட்டியதை மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து ரோஜாத் தொட்டியில் போடுங்கள். எங்கள் வார்டன் ரோஜாவுக்கு அதுதான் உரம்.