விமான மைலும் வாழ்நாள் கணக்கும்

சென்ற பொங்கலுக்கு என் பழைய மாணவர் ஒருவர் பொம்மையார்பாளையத்திற்கு வந்திருந்தார். நியூயார்க் நகருக்கு அண்மையில் பணிபுரிபவர். ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வந்து பெற்றோரைக் கண்டு செல்பவர். மாலை வேளையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபொழுது, தம் கைப்பேசியில் ஓர் எண்ணைக் காட்டினார். "ஐயா, இவை நான் இதுவரை சேர்த்துள்ள விமான மைல்கள். பத்து லட்சம் மைல் சேர்ந்தால் வாழ்நாள் முழுவதும் பொன் தகுதி கிடைக்கும். அதற்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவழித்தும் ஒரே நிறுவனத்தையே நாடுகிறேன். நான் செய்வது சரிதானா?" என்று வினவினார்.

கணக்குப் போடாமல் விடை கூறுவது ஆசிரியனுக்கு அழகன்று. ஆதலால் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டோம். அன்று நாங்கள் கண்டவற்றை நேயர்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன். நம் கடற்கரை ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிரான்சுக்கும் சென்றுவரும் குடும்பங்கள் பல. ஆகவே இது ஒருவருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று.

முதலில் இவ்வழக்கம் தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு வந்த ஒரு சட்டம், விமானக் கட்டணங்களின் மீது அரசு வைத்திருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. போட்டி மிகுந்தது. பயணி தம்மை விட்டு நீங்காதிருக்க வழி தேடிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், 1981ஆம் ஆண்டு மே முதல் நாள், பறந்த மைல்களை எண்ணிப் பரிசளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதத்தில் யுனைடெட் நிறுவனமும் பின்தொடர்ந்தது. பிற நாட்டு நிறுவனங்களும் நாளடைவில் இவ்வழியே சென்றன.

இத்திட்டங்களில் 'மைல்' என்னும் ஒரே சொல் மூன்று வெவ்வேறு கணக்குகளைக் குறிக்கின்றது. குழப்பம் அனைத்திற்கும் இதுவே வேர். அரசுப் பணியில் இருந்தோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். நமக்கு ஈட்டிய விடுப்பு உண்டு. அது சேரும், வேண்டும்பொழுது எடுத்துச் செலவிடலாம். தற்செயல் விடுப்பு உண்டு. ஆண்டு முடிந்தால் அதுவும் முடிந்துபோம். ஓய்வூதியத்திற்கு எண்ணப்படும் பணிக்காலமும் உண்டு. அதை எடுத்துச் செலவிட இயலாது, ஆண்டுதோறும் கூடிக்கொண்டே செல்லும்.

விமானக் கணக்கும் இவ்வாறே. பரிசு மைல் என்பது ஈட்டிய விடுப்பைப் போன்றது. அதைக் கொடுத்துப் பயணச்சீட்டு பெறலாம். தகுதி மைல் என்பது தற்செயல் விடுப்பைப் போன்றது. ஓராண்டில் இவ்வளவு பறந்தால் வெள்ளி, பொன் என்னும் படிகள் கிடைக்கும். அடுத்த ஆண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். வாழ்நாள் மைல் என்பது பணிக்காலத்தைப் போன்றது, செலவாகாது, குறையாது, குறித்த எல்லையை எட்டினால் அத்தகுதி நிலையாகும். கூடுதல் பெட்டி, தனி வரிசை, நிலையத்தில் ஓய்வறை ஆகியன அத்தகுதியால் வரும் வசதிகள்.

எல்லா நிறுவனங்களும் இம்மூன்றையும் தருவதில்லை. யுனைடெட் நிறுவனத்தில் பத்து லட்சம் மைல் பறந்தோர்க்கு வாழ்நாள் பொன் தகுதி உண்டு. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் மைல்களை எண்ணாது, தகுதிப் புள்ளிகளை எண்ணி, 7,000 புள்ளிக்கு வாழ்நாள் வெள்ளியும் 14,000 புள்ளிக்கு வாழ்நாள் பொன்னும் அளிக்கின்றது. பரிசு மைலின் ஆயுளும் இடத்துக்கு இடம் வேறுபடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தரும் மைல் மூன்றாண்டுகளில் காலாவதியாகும். யுனைடெட் தருவது காலாவதியாவதில்லை.

இனி மாணவரின் கணக்கிற்கு வருவோம். அவர் சென்னையிலிருந்து ஜெர்மனியின் பிராங்க்பர்ட் வழியாகச் செல்பவர். சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் ஏறத்தாழ 4,700 மைல். அங்கிருந்து நியூயார்க் ஏறத்தாழ 3,850 மைல். போக வர 17,100 மைல். பத்து லட்சத்தை இதனால் வகுத்தால் 59 பயணங்கள் வரும். ஆண்டுக்கு ஒன்றெனில் 59 ஆண்டுகள்! இதனோடும் முடியவில்லை. சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் வரை அவரை ஏற்றிச் செல்வது கூட்டாளி நிறுவனமாகிய லுப்தான்சா. கூட்டாளியின் விமானத்தில் பறந்தால் பரிசு மைல் கிடைக்கும். ஆனால் யுனைடெட்டின் வாழ்நாள் கணக்கில் அது ஏறாது. எனவே எண்ணப்படுவது போக வர 7,700 மைலே. அதன்படி 130 பயணங்கள் வேண்டும். மாணவருக்கு இப்பொழுது வயது 36. இருவரும் சிரித்துவிட்டோம்.

மாதந்தோறும் கடல் கடக்கும் வணிகருக்கு வாழ்நாள் தகுதி எட்டும் கனி. ஆண்டுக்கொருமுறை தாய்மண் காண வருவோர்க்கு அது எட்டாது. அதற்கென்று கூடுதல் கட்டணம் கொடுப்பது, வாராத ஓய்வூதியத்திற்கு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பதை ஒக்கும்.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 'வாழ்நாள்' என்கிறோமே, யாருடைய வாழ்நாள்? நிறுவனத்தின் ஆயுள் நம் ஆயுளினும் குறுகியதாக இருக்கலாம். நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. கிங்பிஷர் நிறுவனம் 2005இல் பறக்கத் தொடங்கி, 2012 அக்டோபரில் நின்றது; உறுப்பினர் சேர்த்த மைல்கள் பயனற்றுப் போயின. ஜெட் ஏர்வேஸ் 1993இல் தொடங்கி, 2019 ஏப்ரல் 17ஆம் நாளோடு பறப்பதை நிறுத்தியது. அதன் மைல் கணக்கைத் தனி நிறுவனம் ஒன்று நடத்திவந்தமையால் கணக்கு அழியவில்லை. வேறு பெயரில் தொடர்ந்தது. எனினும் ஆண்டுக்கணக்காய்க் காத்த பொன் தகுதியைக் காட்டி ஏறுவதற்கு விமானம் இல்லாமற் போயிற்று. 2015இல் தொடங்கிய விஸ்தாரா, 2024 நவம்பர் 12ஆம் நாள் ஏர் இந்தியாவோடு இணைந்தது. இம்முறை புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றப்பட்டு, ஏர் இந்தியாவின் 'மகாராஜா கிளப்' கணக்கில் சேர்ந்தன. ஆக, கணக்கு அழிவதும் உண்டு, உருமாறுவதும் உண்டு, காப்பாற்றப்படுவதும் உண்டு. இவற்றுள் எது நேரும் என்பதைப் பயணி முடிவு செய்ய இயலாது.

நிறுவனம் நிலைத்திருப்பினும் விதி மாறலாம். பறந்த தொலைவைக் கொண்டு புள்ளி வழங்கிவந்த ஏர் இந்தியா, 2024 ஏப்ரல் முதல், செலவிட்ட ரூபாயைக் கொண்டு வழங்குகின்றது. குறைந்த கட்டணத்தில் நெடுந்தொலைவு செல்வோர்க்கு இது இழப்பு. நிறையக் கொடுப்போர்க்கு ஆதாயம்.

தமிழர்க்கே உரிய ஓர் இடரையும் கூறவேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. கடவுச்சீட்டில் அம்முதலெழுத்து விரிந்து தந்தையின் முழுப்பெயராகிவிடுகிறது. உறுப்பினர் கணக்கிலோ பலர் முதலெழுத்தை மட்டும் எழுதிவிடுகின்றனர். இரண்டும் பொருந்தாவிடில் மைல் ஏறாது. 2016இல் நானும் என் மனைவியும் பாரிசில் உள்ள மகனைக் காணச் சென்றபொழுது எங்களுக்கு இதுவே நேர்ந்தது. ஊர் திரும்பியபின் என் மருமகள் கணக்கைப் பார்த்துச் சொன்ன பிறகே அறிந்தேன். விமானம் ஏறுகையில் தந்த போர்டிங் பாஸ் இரண்டையும் முன்னரே குப்பையில் எறிந்திருந்தேன். முறையிட்டு எழுதினேன், கெடு கடந்துவிட்டது என்று பதில் வந்தது. நாற்பது ஆண்டுகள் மாணவர் வருகைப் பதிவேட்டைப் பிழையின்றிக் காத்தவன், என் வருகையைப் பதியத் தவறினேன்!

ஆகவே நேயர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுத்துக்கு எழுத்துப் பெயர் கொடுத்து உறுப்பினர் ஆகுங்கள், கட்டணம் இல்லை. வளைகுடாவில் உழைப்போர் இதைச் சிறப்பாகக் கருதவேண்டும். பயணச்சீட்டை முதலாளி வாங்கித் தந்தாலும், மைல் பெரும்பாலும் பறந்தவர்க்கே உரியது. பல திட்டங்களில் சிறிது சிறிதாகச் சிதறவிடாமல், கூட்டணி அறிந்து ஒரு கணக்கில் சேருங்கள். ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுப்தான்சா, யுனைடெட் ஆகிய நான்கும் ஸ்டார் அலையன்ஸ் என்னும் ஒரே கூட்டணியைச் சேர்ந்தவை. இவற்றுள் ஒன்றில் பறந்து மற்றொன்றின் கணக்கில் மைல் சேர்க்க இயலும். ஆனால் மிகக் குறைந்த கட்டணச் சீட்டுகள் சிலவற்றுக்கு மைலே கிடையாது என்பதையும் முன்னரே கேட்டறிக.

அடுத்து, நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நாள், விமான எண், புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், மைல், கணக்கில் ஏறியதா என்னும் ஆறு பத்திகள் போதும். மைல் ஏறும் வரை போர்டிங் பாஸைப் பாதுகாத்து வையுங்கள். காலாவதி நாளை முதற் பக்கத்தில் எழுதுங்கள். பரிசு மைலைப் பூட்டி வைக்காதீர்கள். சீட்டுக்குப் போதுமான அளவு சேர்ந்ததும் செலவிடுங்கள். உறுப்பினர் எண்ணைக் குடும்பத்தாரும் அறிந்திருக்கட்டும். உறுப்பினர் இறந்தால் கணக்கையே மூடிவிடும் நிறுவனங்கள் உண்டு. விண்ணப்பித்தால் வாரிசுக்கு மாற்றித் தருவனவும் உண்டு.

என் மாணவர் கணக்கை முடித்துத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அப்படியானால் இருக்கும் பரிசு மைலைக்கொண்டு அம்மாவுக்கு ஒரு சீட்டு எடுத்துவிடுகிறேன் ஐயா, பேரனை அவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை" என்றார். சித்திரை கடந்து அந்த அம்மையார் புறப்பட்டுச் சென்றார். கடவுச்சீட்டில் உள்ள பெயரோடு சீட்டில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அவரை வழியனுப்பினேன்.