கறுப்புக் கோட்டை விடாத வண்டி
ரோபோ போட்டிக்குப் புதிதாகப் போகும் பள்ளி அணிக்கு

ரோபோ போட்டிக்குத் தயாராகும் புதிய அணிகள் பலவும் கோட்டைத் தொடரும் வண்டியில்தான் கைப்பழக்கம் பெறுகின்றன. வெள்ளைத் தளத்தில் ஒட்டிய கறுப்புக் கோட்டின் மேல், ரிமோட் இல்லாமல், தானாக வளைந்து திரும்பி முடிவிடம் சேர வேண்டும். பார்வைக்கு எளிய வேலை. ஆனால் காலையில் பள்ளி வராந்தாவில் பிசகாமல் ஓடிய அதே வண்டி, உச்சி வெயிலில் கோட்டை விட்டு எங்கோ போய் முட்டும். ஒருமுறை ஓடிக் காட்டுவதற்கும், எப்போது விட்டாலும் ஒரே மாதிரி ஓடுவதற்கும் நடுவில் இருக்கிற வேலைதான் போட்டிக்கான தயாரிப்பு.

வண்டியின் கண் ஒரு சிறிய சென்சார். அதில் அகச்சிவப்பு ஒளி விடும் எல்.இ.டி. ஒன்று, திரும்பி வரும் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர் ஒன்று. வெள்ளைத் தளம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, கறுப்பு விழுங்கிக்கொள்கிறது. போட்டி வண்டிகளில் அதிகம் காணப்படும் டி.சி.ஆர்.டி. 5000 வகை சென்சார் தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு. சன்னல் வழியே அது தளத்தில் விழுந்தால், சென்சார் கறுப்பையும் வெள்ளை என்றே எண்ணும். நம் தருமபுரி மாவட்டத்தின் கோடை வெயிலில் பழகும் பிள்ளைகளுக்கு இது முதல் பாடம். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் சிறு மறைப்பு கட்டுங்கள். போட்டித் தளத்தில் வண்டியை வைத்ததும் வெள்ளையின் அளவையும் கறுப்பின் அளவையும் எடுத்து, இரண்டுக்கும் நடுவில் எல்லையை வையுங்கள். பள்ளியில் குறித்த எண் அங்கே செல்லாது. சில மார்க்கர் மைகள் நம் கண்ணுக்குக் கறுப்பு, அகச்சிவப்புக்கு வெள்ளை. அதனால் பழகும் தளத்தில் மையால் கோடு போடாமல், மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பையே ஒட்டுங்கள்.

கண் பார்த்தால் போதாது. எவ்வளவு திரும்புவது என்று கணக்கிட வேண்டும். இரண்டு சென்சார் மட்டும் இருந்தால் வண்டி இடம், வலம் என்று ஆடி ஆடிப் போகும். வேகத்தைக் கூட்டினால் வளைவில் வெளியே பாயும். ஐந்து அல்லது எட்டு சென்சார்களை வரிசையாக வைத்தால், கோட்டிலிருந்து எவ்வளவு விலகினோம் என்பதே ஓர் எண்ணாகக் கிடைக்கும். விலகல் சிறிதானால் சிறிது திருப்பம், பெரிதானால் பெரிய திருப்பம். இதோடு, விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் ஆட்டம் அடங்கும். கப்பலில் சுக்கான் பிடிப்பவர்கள் திசையை எப்படித் திருத்துகிறார்கள் என்று கவனித்து, நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922-இல் கணிதமாக எழுதிய முறையின் ஒரு பகுதி இது. முழு முறை பி.ஐ.டி. என்ற பெயரில் இன்று தொழிற்சாலைகளெங்கும் இருக்கிறது. பள்ளி வண்டியில் இதைச் சீர்செய்ய ஒழுங்கு ஒன்று உண்டு: முதலில் விலகலுக்கான எண்ணை மட்டும், வண்டி லேசாக ஆடத் தொடங்கும் வரை கூட்டுங்கள், பிறகு மாற்றத்துக்கான எண்ணை, ஆட்டம் அடங்கும் வரை. ஒரு நேரத்தில் ஓர் எண்ணைத்தான் தொட வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால், எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கோடிங்கில் பிழை தேடி இரவெல்லாம் விழிக்கும் அணிகளுக்குப் பல நேரம் குற்றவாளி பேட்டரியாக இருக்கும். சதுரமான 9 வோல்ட் பேட்டரி மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தராது. மோட்டார் திணறும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, வண்டியின் மூளையான ஆர்டுயினோ போர்டு அணைந்து மறுபடி தொடங்கும். 3.7 வோல்ட் லித்தியம் அயான் செல் இரண்டைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட் கிடைக்கும். எல்.298 வகை மோட்டார் டிரைவர் அதில் சுமார் 2 வோல்ட்டை விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். செல்லுக்குப் பாதுகாப்பு போர்டு வேண்டும். ஆள் இல்லாத அறையில் சார்ஜ் போடக்கூடாது. முழு சார்ஜில் சரிசெய்த எண்கள் பாதி சார்ஜில் பொருந்தாது என்பதால், பழகும்போதும் போட்டியிலும் மின்னழுத்தத்தை அளந்து எழுதுங்கள். மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார்கள் இரண்டு ஒரே பெட்டியிலிருந்து வந்தாலும் ஒரே வேகத்தில் சுற்றா. இரண்டுக்கும் ஒரே கட்டளை கொடுத்தால் வண்டி நேராகப் போகும் என்று நம்பாதீர்கள்.

இயந்திரத்துக்கு முன்பே கையில் எடுக்க வேண்டியது விதிப்புத்தகம். 1979-இல் நியூயார்க்கில் நடந்த மைக்ரோமவுஸ் போட்டியில், புதிர்ப்பாதையை ஆராய்ந்து வழி கண்டுபிடிக்கும் இயந்திர எலிகளைவிட, சுவரை ஒட்டியே ஓடிய எளிய எலி வேகத்தில் முந்தியது. விதியில் அதற்குத் தடை இல்லை. பின்னால் வந்த போட்டிகளில் முடிவிடத்தைப் புதிர்ப்பாதையின் நடுவுக்கு மாற்றினார்கள். சுவரை ஒட்டி மட்டும் ஓடுகிற எலிக்கு அது எட்டவில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் இப்படித் தனிக் குணம் உண்டு. 2004-இல் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாடில், ரோபோமிஷன் பிரிவு வண்டி புறப்படும்போது 25 சென்டிமீட்டர் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். போட்டி நாளன்று எதிர்பாராத கூடுதல் விதி ஒன்றை அறிவிப்பதும் உண்டு. பயிற்றுநர் வண்டியைத் தொடக்கூடாது. ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில் ரோபோவின் ஓட்டம் நான்கில் ஒரு பங்குதான். வடிவமைப்பு விளக்கம், ஆய்வுத் திட்டம், குழுவாக நடந்துகொள்ளும் பாங்கு ஆகியவற்றுக்கும் சம மதிப்பு. விதியைப் படிக்காமல் வண்டியை மட்டும் மெருகேற்றும் அணி, மீதி மதிப்பெண்களைத் தானாகவே விட்டுக்கொடுக்கிறது.

செலவுக்கு வழி தேட, பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் உண்டா என்று முதலில் கேளுங்கள். 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ், தேர்வான பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி கிடைத்தது. உங்கள் பள்ளியில் இல்லையென்றால், லேப் உள்ள பக்கத்துப் பள்ளியில் பழக அனுமதி கேட்கலாம். பொருள்களுக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடும் சென்னை ரிச்சி தெருவும் இருக்கின்றன, கூரியரிலும் வரும். ஆனால் பென்னாகரத்திலோ அரூரிலோ சனிக்கிழமை மாலை மோட்டார் டிரைவர் புகைந்தால், திங்கள் போட்டிக்கு மாற்று கிடைப்பது கடினம். மோட்டார், டிரைவர், சென்சார், வயர் எல்லாவற்றிலும் ஒன்று கூடுதலாக முதலிலேயே வாங்கிவிடுங்கள். நகரத்து அணிக்கு இது முன்னெச்சரிக்கை, நமக்கு இது விதி.

வேலையைப் பிரிக்கும்போது, வன்பொருள் ஒருவருக்கு, கோடிங் ஒருவருக்கு என்று பூட்டிவிடாதீர்கள். நடுவர் யாரை வேண்டுமானாலும் கேட்பார். சென்சார் ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது என்று எல்லாருக்கும் சொல்லத் தெரிய வேண்டும். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு புதிய வசதி எதையும் சேர்ப்பதை நிறுத்துங்கள். அன்றிலிருந்து வேலை ஒன்றே: தொடர்ந்து பத்து முறை ஓடவிட்டு, எத்தனை முறை முடிவிடம் சேர்ந்தது, எங்கே தவறியது, பேட்டரி எவ்வளவு என்று நோட்டில் எழுதுவது. வேகத்தைக் குறைத்தால் பத்தில் ஒன்பது தேறும், கூட்டினால் ஐந்துதான் தேறும் என்றால், முதல் ஆண்டில் ஒன்பதையே எடுங்கள். அந்த நோட்டைப் பள்ளி லேபிலேயே விட்டுச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகள் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கட்டும்.