சிறைத் திறவுகோல் யாரிடம்?

பிள்ளைக்குச் சோறிட வேண்டிய கடமை, மணவாழ்வு முறிந்த அன்றே முறிந்துபோவதன்று. கணவனும் மனைவியும் பிரியலாம். தந்தையென்னும் முறையும் தாயென்னும் முறையும் பிரிவனவல்ல. ஆதலின் மணமுறிவு நேர்ந்த இடத்தும், மணமே நிகழாது பிள்ளை பிறந்த இடத்தும், பிள்ளை வாழும் இல்லத்துக்கு மற்றையவர் வாரந்தோறுமோ திங்கள்தோறுமோ இத்துணைப் பணம் செலுத்துக என நீதிமன்றம் கட்டளையிடுகின்றது. நம் நாட்டு நீதிமன்றங்களிலே 'தாபரிப்பு' என வழங்கும் சொல் இதனையே குறிப்பது. தாபரித்தலாவது தாங்குதல், காத்தல். தமிழகத்தார் வழங்கும் 'ஜீவனாம்சம்' என்பதோ உயிர் வாழ்தற்குரிய பங்கு எனப் பொருள்பட்டு நிற்கும். முன்னையது கொடுப்போன் கடமையையும் பின்னையது பெறுவோர் உரிமையையும் சுட்டுதல் நோக்கத்தக்கது.

கட்டளையிடுதல் எளிது. கொடாதவனை என் செய்வது? இவ்வினாவுக்கு விடைகாண முயன்ற நாடுகளுள் ஐக்கிய அமெரிக்காவைப்போல் பலவழி தேடிய நாடு அரிது. 1975 இல் பிள்ளைத் தாபரிப்புப் பணத்தை அறவிடுதற்கென நாடளாவிய ஏற்பாடொன்று சட்டத்தால் அமைந்தது. 1988 ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளத்திலிருந்தே நேரே கழிக்கும் முறையை வலுப்படுத்தியது. 1996 இல் வந்த சட்டம் வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரத்தையும் தடுத்துவைக்க வழிசெய்தது. இவையெல்லாம் சம்பளமும் வாகனமும் உடையானுக்கு ஏற்ற மருந்துகள். நிலையான தொழிலின்றி, இன்று ஓரிடமும் நாளை வேறிடமுமாய்க் கூலிக்கு உழைப்பவனிடம் இவை செல்லா. அப்போது நீதிமன்றம் தன் பழம் படைக்கலத்தை எடுக்கின்றது. அதுவே நீதிமன்ற அவமதிப்பு வழக்கு.

கடனுக்காக மனிதரைச் சிறையிடும் வழக்கம் ஒருகாலத்தில் மேனாடெங்கும் இருந்தது. ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கின்ஸ் பன்னிரண்டு வயதுச் சிறுவராயிருந்தபோது, 1824 இல், அவர் தந்தையார் கடனிறுக்க மாட்டாமையால் இலண்டன் மார்ஷல்சீச் சிறையில் அடைபட்டார். சிறுவரோ சப்பாத்து மை செய்யும் தொழிலகத்தில் உழைக்கச் சென்றார். அந்தச் சிறையின் நிழல் அவர் நாவல்களிலே, சிறப்பாக 'லிட்டில் டொறிற்' என்பதிலே, படிந்திருத்தலை ஆங்கில இலக்கியம் கற்ற நேயர் அறிவர். சிறையிலிருப்பவன் உழைத்துக் கடனிறுப்பது எங்ஙனம் என்ற வினா பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வலுத்தது. அமெரிக்க மாநிலங்கள் பல தத்தம் அரசியலமைப்புகளிலேயே கடனுக்குச் சிறை கூடாதென எழுதிவைத்தன. இங்கிலாந்திலும் 1869 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்தைப் பெரும்பாலும் ஒழித்தது.

அங்ஙனமாயின் தாபரிப்புப் பணம் செலுத்தாதவனை மாத்திரம் சிறையிடுதல் எவ்வாறு பொருந்தும்? சட்டத்தார் கூறும் விடை நுட்பமானது. இது கடனன்று, கடமை. அவன் சிறை செல்வது பணம் கொடாமைக்காகவன்று, நீதிமன்றக் கட்டளையை வேண்டுமென்றே மீறியமைக்காக என்பர். மேலும், குற்றவியல் அவமதிப்பு வேறு, குடியியல் அவமதிப்பு வேறு எனப் பகுப்பர். முன்னையது நடந்ததற்குத் தண்டனை. பின்னையது நடக்கவேண்டியதை நடப்பித்தற்கு நெருக்குதல். பணத்தைச் செலுத்திய கணமே கதவு திறக்கும். இத்தகைய கைதி தன் சிறையின் திறவுகோலைத் தன் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறான் என்பது அந்நாட்டு நீதிமன்றங்களில் நெடுங்காலம் பயின்றுவரும் உவமை.

உவமை அழகியதே. ஆயின் பையைத் துழாவிப் பார்க்கையில் அங்கே திறவுகோல் இல்லையெனின்? அவ்வாறு ஒருவன் நின்ற வழக்கே 'ரேணர் எதிர் ரொஜர்ஸ்' என்பது. தென் கரோலினா மாநிலத்துக் குடும்ப நீதிமன்றத்தில் தோன்றி, 2011 இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை சென்றது.

2003 ஜூன் மாதத்தில், தன் பிள்ளைக்காக வாரம் 51 டொலர் 73 சதம் செலுத்துமாறு தந்தையொருவனுக்குக் கட்டளை பிறந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் ஐந்துமுறை அவன் நீதிமன்றத்தை அவமதித்தவனாகக் காணப்பட்டான். முதல் நான்கு முறையும் தொண்ணூறு நாட் சிறை விதிக்கப்பட்டது. நான்கு முறையும் அவன் இறுதியில் பணத்தைச் செலுத்தினான். அவற்றுள் இரண்டு முறை சிறைக்கே செல்லாமலும், இரண்டு முறை இரண்டு மூன்று நாட் காவலில் இருந்த பின்னரும் பணம் வந்தது. சிறை என்னும் அச்சம் பயனற்றது என்பார் இதனை மறத்தல் ஆகாது. அந்த நான்கு முறையும் ஒரு வீட்டில் அடுப்பெரிந்திருக்கும். ஐந்தாம் முறையோ பணம் வரவில்லை. ஆறு திங்கட் சிறையை முழுமையாகக் கழித்து வெளிவந்தான்.

மீண்டும் வழக்கு. 2008 ஜனவரி 3 இல் விசாரணை நடந்தது. நிலுவை 5,728 டொலர் 76 சதம். வாரக்கணக்கிற் பார்ப்பின் ஏறத்தாழ நூற்றுப்பத்து வாரத்துப் பணம். பிள்ளையின் வாழ்வில் இரண்டாண்டுக்கு மேற்பட்ட காலம். தந்தைக்கும் சட்டத்தரணி இல்லை, தாய்க்கும் இல்லை. ஏன் செலுத்தவில்லை என்ற வினாவுக்கு அவன் கூறியதன் சாரம் இது: சிறையினின்று வந்ததும் மீண்டும் போதைப்பொருளின் வாய்ப்பட்டேன், இடையிடையே சிறிது சிறிதாகக் கொடுத்தேன், வேலை கிடைத்த வேளையில் முதுகெலும்பு முறிந்தது, இயலாதோர்க்குரிய உதவிப்பணம் கேட்டு விண்ணப்பித்துள்ளேன், நான் செய்தது பிழை, வருந்துகிறேன். நீதிபதி தாயிடமும் ஏதேனும் சொல்ல உண்டாவென வினவினார். அரசாங்க உதவிப்பணம் பற்றிச் சிறிது பேச்சு நிகழ்ந்தது. பின்னர்ப் பன்னிரண்டு திங்கட் சிறை. நிலுவை முழுவதையும் தீர்த்தால் விடுதலை எனத் தீர்ப்பாயிற்று.

தீர்ப்பை எழுதுதற்கு ஓர் அச்சிட்ட படிவம் இருந்தது. பிரதிவாதி தொழில் உடையவனா அல்லனா, பணம் செலுத்தும் ஆற்றல் அவனுக்கு இருந்ததா இல்லையா என இரண்டிலொன்றைக் குறிக்குமாறு அதிலே ஒரு வரி. அவ்வரியில் எதுவும் குறிக்கப்படவில்லை. வழக்கு முழுவதும் தொங்கிநின்ற வரி அதுவொன்றே. மாணவன் விடையெழுதாது விட்ட இடத்துக்கு நாம் புள்ளியிடுவதில்லை. இங்கோ வெற்றிடத்தின்மீது ஓராண்டுச் சிறை எழுந்தது. நீதிமன்றத்துக்கு 'அறங்கூறவையம்' என நம் முன்னோர் பெயரிட்டனர். அறத்தைக் கூறுதற்குமுன் உள்ளதைக் கேட்டறிதல் வேண்டும் என்பது அப்பெயரினுள்ளேயே அடங்கியதெனக் கொள்வேன்.

தந்தையின் சார்பில் எழுந்த வாதம், ஏழையைச் சிறையிடுமுன் அரசு செலவில் அவனுக்கு ஒரு சட்டத்தரணியைக் கொடுக்கவேண்டும் என்பது. பெருங்குற்றஞ் சாட்டப்பட்ட ஏழைக்கு அவ்வுரிமை 1963 இலேயே அந்நாட்டில் உறுதிப்பட்டிருந்தது. குடியியல் அவமதிப்புக்கு அது பொருந்தாதென மாநில உயர் நீதிமன்றம் மறுத்தது. 2011 ஜூன் 20 இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நீதியரசர் ஒன்பதின்மருள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாய்ப் பிரிந்தனர். பெரும்பான்மையோர்க்காக நீதியரசர் பிறேயர் எழுதினார். எதிரே நிற்பவள் பெரும்பாலும் சட்டத்தரணியில்லாத தாய். தந்தைக்கு மட்டும் சட்டத்தரணியைக் கொடுத்தால் வழக்கு நீளும், சமன் குலையும், பிள்ளையின் பணமும் தாமதமாகும் என்றார். ஆகவே சட்டத்தரணியைப் பெறும் உரிமை தானாகவே எழாது. ஆயின் வேறு காப்புகள் வேண்டும்: செலுத்தும் ஆற்றலே வழக்கின் உயிர்நிலை என அவனுக்கு முன்னரே அறிவித்தல், வரவுசெலவைக் கேட்டறியும் படிவம் கொடுத்தல், விசாரணையில் விடைகூற இடமளித்தல், ஆற்றல் உண்டு என நீதிமன்றம் வெளிப்படையாகக் காணல். இவையொன்றும் இவ்வழக்கில் இல்லாமையால் கீழைத் தீர்ப்பு நீக்கப்பட்டது.

நீதியரசர் தோமஸ் மாறுபட்டார். சட்டத்தரணிக்கு உரிமையில்லை என்பதில் அவரும் உடன்பாடே. ஆயின் இக்காப்புகளைக் கட்சிக்காரர் கேட்கவில்லை, நீதிமன்றத்துக்குத் துணைக்கருத்துரைத்த அரசாங்கமே கேட்டது. கேளாததைக் கொடுத்தல் முறையன்று என்றார். தந்தையின் உரிமையை நிறுக்கும்போது பிள்ளையும் தாயும் பெறவேண்டியதைத் தட்டின் மறுபுறத்தில் வைக்கவேண்டும் என்றும் எழுதினார். இரண்டாவது கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒளிந்து வாழ்ந்து, கையிற் பணத்தை வைத்துக்கொண்டே இல்லையென்று கைவிரிக்கும் தந்தையர் எந்நாட்டிலும் உளர். அத்தகையோர்முன் படிவமும் அறிவித்தலும் மேலும் சில திங்கள் தப்புதற்கு வாயிலாகலாம். தாய் ஒவ்வொரு விசாரணைக்கும் வேலையை விட்டு வரவேண்டியவள். எனினும், உண்மையிலேயே இல்லாதவனையும் இருந்தும் மறைப்பவனையும் வேறு பிரித்தறியாத நீதிமன்றம் தாய்க்கும் உதவியதாகாது என்பதே என் கருத்து. காரணம் இவ்வழக்கின் கணக்கிலேயே உளது. உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கூறுதற்கு முன்னரே அவன் பன்னிரண்டு திங்களையும் சிறையிற் கழித்துவிட்டான். வெளிவந்த பின் மறுபடியும் அவமதிப்பு வழக்கு. அப்போது நிலுவை 13,814 டொலர் 72 சதமாய் வளர்ந்திருந்தது.

அதே மாநிலத்திலே 2015 ஏப்பிரலில், வாகனத்தின் பின்விளக்குப் பழுதென நிறுத்தப்பட்ட ஒருவர் இறங்கி ஓடினார். பொலிஸ் உத்தியோகத்தரொருவர் அவர் முதுகிற் சுட்டார். தாபரிப்பு நிலுவைக்காக அவர்மேல் பிடியாணை இருந்தது. சிறைக்கு அஞ்சியே ஓடினார் எனக் குடும்பத்தார் கூறினர். சுட்டவர்க்கு 2017 இல் இருபதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

2016 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் தாபரிப்பு அறவிடும் அலுவலகங்களுக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. அவமதிப்பு வழக்கைத் தொடுக்குமுன் அவனுக்குச் செலுத்தும் ஆற்றல் உண்டாவென அலுவலகமே ஆராய்தல் வேண்டும் என்பது ஒன்று. சிறையிலிருப்பவனை, தானே விரும்பி வேலையின்றி இருக்கின்றான் எனக் கருதுதல் கூடாது என்பது மற்றொன்று. இவ்வாறு விதித்துத் தடுக்கவேண்டியிருந்தமையால், அதற்குமுன் சில மாநிலங்கள் அங்ஙனமே கருதி, கம்பிக்குள் இருந்த காலத்துக்கும் முழுப்பணத்தையும் நிலுவையிற் சேர்த்துவந்தன என்பது விளங்கும். விதிகள் அவ்வலுவலகங்களின் துணையோடு நடக்கும் வழக்குகளையே கட்டுப்படுத்துவன. மணமுறிவின்பின் தாய் தானே தொடுக்கும் வழக்கிலோ, எழுதுவினைஞர் நீட்டும் படிவமும், அதிலுள்ள அந்த வரியும், அதனை நிரப்ப நீதிபதி எடுத்துக்கொள்ளும் சில நிமிடங்களுமே இருபாலார்க்கும் உள்ள காப்பு.